மூன்றாம் சுற்றறிக்கை

"ஆ... அச்சூ!"

டைப்பிஸ்ட் அம்மா போட்ட தும்மலில் ஹெட் கிளார்க் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மகளுக்குப் பிரசவ தேதி. முதல் பேரப்பிள்ளை. பத்து நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"தாராளமா போங்க. ஆனா எங்க பார்த்தாலும் ஃப்ளூ. உங்க செக்‌ஷன்ல ரெண்டு பேருக்கு மேல படுத்தா, உங்க லீவும் படுத்துடும்!"

செக்‌ஷனில் இருப்பதே ஆறு பேர்.

"என்னம்மா, காய்ச்சலா?"

"ஃபைல் தூசி சார். ஏன், உங்க தொண்டைதான் முந்தாநாள்லேர்ந்து கரகரங்குது."

"அது ஐஸ் தண்ணி சமாச்சாரம்" என்று அடக்கினார்.

எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் அடிப்பதால் அவருக்கு ஆபீஸில் 'சுற்றறிக்கை' என்று பட்டப்பெயர். அரை மணியில் முதலாவது தயார். சோப்பு போட்டுக் கை கழுவவும். முழங்கை மடிப்பில் தும்மவும். ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

முப்பது வருஷம் தாள் புரட்டிய கை. விரலை நாக்கில் தொட்டு, சரக் சரக்கென்று மேஜைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனார். தரை துடைக்கும் அக்கா மட்டும் கையை நீட்டவில்லை.

"ஈரக் கை சார். அப்படி ஜன்னல் மேல வைங்க."

புதன்கிழமை டைப்பிஸ்ட் அம்மா மட்டம். கூடவே தபால் கிளார்க்கும்.

ரெண்டு! இன்னும் ஒரே ஒரு ஆள் சாய்ந்தால் லீவு அம்பேல்.

இரண்டாம் சுற்றறிக்கை பறந்தது. மாஸ்க் கட்டாயம். கை குலுக்கக் கூடாது. அவரவர் டம்ளர் அவரவருக்கு. படித்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவும். மேஜைக்கு மேஜை மாஸ்க்கை இறக்குவதும் ஏற்றுவதுமாக அவரே விநியோகித்தார். மேனேஜருக்கும் ஒரு பிரதி.

"சார், மூணு தடவை கை கழுவிட்டேன். ரேகையே அழிஞ்சுடும் போலிருக்கு" என்றார் ரெக்கார்ட் கீப்பர்.

"ரேகை போனா போகட்டும்யா. என் லீவு போகக் கூடாது!"

வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் கீப்பரும் வரவில்லை. மீதி இருந்த இரண்டு பேரும் வரவில்லை. போன் மட்டும் வந்தது. மேனேஜர்.

"நானும் படுத்துட்டேன்யா... லீவு கேன்சல். ஆபீஸை நீங்கதான் பார்த்துக்கணும்... அச்சூ!"

ஹெட் கிளார்க் கொதித்தார். இத்தனை காவலையும் தாண்டி உள்ளே நுழைந்தவன் எவன்? மூன்றாம் சுற்றறிக்கையை ஆத்திரத்தோடு அடித்தார். 'இப்பிரிவுக்குள் காய்ச்சலைக் கொண்டுவந்தவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளவும்.'

வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. துடைப்பமும் கையுமாக அக்கா மட்டும் நின்றாள். ஹெட் கிளார்க் இரும முடியாமல் இருமிவிட்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, நோட்டீஸ் கட்டிலிருந்து ஒரு தாளைச் சரக்கென்று உருவி நீட்டினார்.

"எல்லாரும் சாய்ஞ்சாச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா ஒண்ணும் ஆகல? என்ன மருந்து சாப்பிடறீங்க?"

அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"மருந்தெல்லாம் இல்ல சார். நீங்க எச்சில் தொட்டுக் குடுத்த காகிதத்தை நான் ஒருத்திதான் கையால வாங்கல!"