ஆம்ப்ரோஸ் வீட்டு ஹாக்கர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஆம்ப்ரோஸேதான். இந்தத் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மாதா கோவில் கூடத்துச் சமையலறையில் பட்டாணி சூப் வைத்த அண்டாவை அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ரோஸ் அண்டா தேய்த்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"என்னப்பா, சாமியார் குடுத்த தண்டனையா?" என்று கேட்டேன்.

"சாமியார் இல்லக்கா. லொரெட்டா" என்றார்.

அப்புறம் சொன்னார். அவர் விட்டுவிட்ட இடங்களை அவர் மனைவி லொரெட்டா நிரப்பினாள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் ஊர் மாதிரிக் கடலோர ஊர்களில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நேராக உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து, டீ எங்கே என்று பார்ப்போம். யாராவது தட்டினால் உள்ளே இருப்பவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். போலீஸாக இருக்கும், இல்லாவிட்டால் கடலில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஆம்ப்ரோஸ் வீட்டு வைஃபையும் அப்படித்தான். சுற்றிலும் மலை, செல்போனுக்கு சிக்னல் கிடையாது. அவர் அடுப்படிக்குள் நுழைந்தால் எல்லார் போனும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அப்படி இருக்கையில் பக்கத்து வீட்டு கிளெமுக்கு ஒரு கஷ்டம் வந்தது. ஏதோ ஒரு மெயிலைத் திறந்திருக்கிறான். யாரோ முகம் தெரியாதவன் லேப்டாப்புக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். இறந்துபோன அவன் மனைவியின் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவளை இரண்டாவது தரம் அடக்கம் பண்ணிய மாதிரி அவன் திரிந்தான்.

அதன் பிறகுதான் டவுனிலிருந்து ஒரு போலீஸ்காரப் பெண் வந்து கோவில் கூடத்தில் பேசினாள். சின்னப் பெண், நல்ல பெண். வைஃபை பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், போன் அப்டேட் கேட்டால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், யார் யார் உங்கள் வைஃபையில் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது பாருங்கள் என்றாள். நாய் பேர் வேண்டாம், படகு பேர் வேண்டாம் என்றும் சொன்னாள்.

"நீங்க வாயால சொல்லவே சொல்லாத ஒரு வார்த்தையா இருக்கணும். அதோட கொஞ்சம் எண்ணும் சேத்துக்கங்க" என்றாள்.

படகு பேர் வேண்டாம் என்று அவள் சொன்ன நேரத்தில் எங்கள் ஆண்கள் டீக்கு எழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அன்றைக்கே ஊர் முழுக்கப் பாஸ்வேர்டு மாறியது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தங்கள் படகின் பேரைப் போட்டார்கள். யார் படகுக்கு என்ன பேர் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். மறுநாள் காலையில் எல்லாரும் எல்லார் வைஃபையிலும் பழையபடி இருந்தோம்.

ஆம்ப்ரோஸுக்கு மட்டும் உறைத்தது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் கிளெம் இருக்கிறான், அவன் அக்கா இருக்கிறாள், நான் இருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. யாரென்றே தெரியாத ஒன்று தினமும் மத்தியானம் வருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, போய்விடுகிறது.

"ஹாக்கர்" என்றார் ஆம்ப்ரோஸ்.

அது யாரென்று ஊருக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

அவர்கள் மகன் டெர்மட். மூடுபனியில் அவன் ஓட்டிய படகு பாறையில் மோதியது. ஆம்ப்ரோஸின் தம்பி லியோ அதில் போய்விட்டான். அடக்கம் முடிந்ததும் ஆம்ப்ரோஸ் மகனுடைய கோட்டை ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டெர்மட் மேற்கே ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஆல்பர்ட்டாவுக்குப் போனவன்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுத்ததில்லை. இப்போது அவன் தலைக்குள் ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணினால் பேச்சு போகலாம், உயிரே போகலாம். பண்ணாவிட்டால் நிச்சயம் போகும். லொரெட்டா கணவரிடம் சொல்லப் பார்த்தாள். "பையனுக்கு" என்று ஆரம்பித்தாலே அவர் எழுந்து கொட்டகைக்குப் போய் சிங்க இறால் பிடிக்கிற கூண்டு முடைய உட்கார்ந்துவிடுவார். வீட்டுப் போனில் பேசினால் பில்லில் தெரிந்துவிடும். அதனால் அவர் கொட்டகையில் இருக்கிற மத்தியான வேளையில், மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவள் சாமான் அறைக்குள் போவாள். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து மகனோடு பேசுவாள். அவனுக்குப் பேச்சு இருக்கும்வரைக்கும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

அவளைத்தான் ஆம்ப்ரோஸ் வேட்டையாடக் கிளம்பினார்.

ஹாக்கர் வந்த பேரை லேப்டாப்பில் தடுத்தார். மறுநாளே அது வேறு பேரில் வந்தது. அந்த டேபின் பேரை மாற்றிக் கொடுத்தது யாரென்று என்னைக் கேட்காதீர்கள், கிளெமைக் கேளுங்கள். இந்த ஹாக்கர் சாதாரண ஆள் இல்லை, பெரிய கூட்டமே பின்னால் இருக்கிறது என்று ஆம்ப்ரோஸ் என்னிடம் சொன்னார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன்.

கடைசியில் அவர் மேஜையில் அடித்து அறிவித்தார். போலீஸ்காரப் பெண் சொன்ன மாதிரியே ஒரு பாஸ்வேர்டு போட்டாயிற்று. வாயால் சொல்லாத வார்த்தை. லொரெட்டாவுக்கும் சொல்லமாட்டார். சொன்னால் அது என்ன ரகசியம்?

"எனக்கே கிடையாதா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"செத்தாலும் கிடையாது."

"நான் செத்தாலா, நீங்க செத்தாலா?"

"யாரு செத்தாலும்."

அந்த வாரம் அவர் அடுப்படிக்கு யாரும் வரவில்லை. போன் சேரவில்லை என்றால் கிளெம் எதற்கு வருகிறான்? கெட்டில் கொதித்துத் தானே அடங்கியது. யாராவது வந்தார்களா என்று ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவுக்குப் பூட்டே இல்லாத வீடு. ஆனாலும் பூட்டிக்கிடந்த மாதிரித்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், காவல் பலமாக இருக்கிறதா என்று பார்க்க, கொட்டகைக்கே லேப்டாப்பை எடுத்துப் போனார். திறந்தார். ஹாக்கர் உள்ளே இருந்தான்.

கூண்டைப் போட்டுவிட்டு அவர் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தார். வீட்டில் சத்தமில்லை. சாமான் அறையில் மட்டும் யாரோ மெதுவாகப் பேசுகிறார்கள். கதவை இழுத்தார். உருளைக்கிழங்கு மூட்டை மேல் லொரெட்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப். அதில் தலையை மழித்த, கன்னம் ஒட்டிய ஒருவன். ஆம்ப்ரோஸுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். அண்டாவைத் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னபோது அவர் கை நின்றுவிட்டது.

லொரெட்டா எழுந்திருக்கவில்லை. டேபை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தாங்க, நீங்க தேடுன ஹாக்கர். பேசுறீங்களா?"

அவர் கேட்டது இவ்வளவுதான்: "பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"வாயால சொல்லாத வார்த்தைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. விடிஞ்சா அடைஞ்சா பேசிக்கிட்டே இருக்கிற மனுஷன். நீங்க சொல்லாத வார்த்தைன்னு இந்த வீட்டுல ஒண்ணுதானே இருக்கு? மொதல்ல அதைத்தான் போட்டேன். பொறந்த தேதியும் சேத்து."

ஆம்ப்ரோஸ் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தார். அது வெங்காய மூட்டை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு இன்றுவரைக்கும் அந்த மூட்டையைத்தான் காரணம் சொல்கிறார்.

"அங்க குளிரா?" என்று மகனைக் கேட்டாராம்.

"குளிர்தான்ப்பா" என்றானாம் அவன். கொஞ்சம் குழறிப் பேசினானாம்.

டேபில் சார்ஜ் தீரும்வரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வெள்ளி. கோவிலில் அண்டா தேய்க்க ஆள் வேண்டும் என்று லொரெட்டா சொன்னாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது அவர் அடுப்படிக்குள் யார் நுழைந்தாலும், டீ ஊற்றுவதற்கு முன்னால் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறார். பேரையும் சொல்கிறார், பிறந்த தேதியையும் சொல்கிறார். போலீஸ்காரப் பெண் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். கிளெம் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டான். மறந்துவிட்டதாம்.

ஆபரேஷன் வருகிற செவ்வாய்க்கிழமை. இன்றைக்குச் செபமாலை சொல்லும்போது நீங்களும் அந்தப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். டெர்மட்.