போப்பாண்டவருக்கு ஒரு மஞ்சத்துணி

"காசு எங்கடி?"

"சாமிகிட்ட" என்றாள் மனைவி கொளஞ்சியம்மாள். சாமி படத்துக்குக் கீழே புத்தம்புது மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

ராஜாங்கம் முடிச்சைத் தடவிப் பார்த்தார்; காசு உள்ளேதான். ஐந்நூறு வருஷத்து வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் தாடி வைத்த போப்பாண்டவர். மறுபக்கம், தண்ணீரில் மூழ்குகிறவரைக் கைதூக்கிவிடும் ஏசுநாதர். புதுச்சேரிச் சந்தையில் பழைய பூட்டு வாங்கியபோது இனாமாக வந்தது.

"இதக் குடுத்துத்தான் போப்பாண்டவரு வெத்தலபாக்கு வாங்கினாரு" என்று ரிஷிவந்தியம் முழுக்கச் சொன்னதில்தான் வினை. டீக்கடையில் வீரமணி அதற்குச் 'சோடா மூடி' என்று பெயர் வைத்துவிட்டான். பழங்காசு பார்க்கத் தெரிந்த சின்னசேலம் இளஞ்செழியன் வாத்தியாரோ, "உங்க பேச்சக் கேட்டாலே சந்தேகமா இருக்குதுங்க" என்று மூன்று முறை போனை வைத்துவிட்டார். இன்று சாயங்கால ரயிலில் அவர் ஒரேயடியாக மகன் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் காசோடு அவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

"அவுத்துக் குடு."

"பொழுது சாயற வரைக்கும் நீ காசப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு முடிஞ்சிருக்கேன். வேண்டுதல் நெறவேறாம அவுத்தா சாமி குத்தம். அப்பறம் உன் இஷ்டம்."

குலசாமியிடம் வம்பு வைத்துக்கொள்ள ராஜாங்கம் தயாரில்லை. வாயை மூடிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"இன்னா மாமா, சோடா மூடி எப்படி இருக்குது?" என்றான் வீரமணி.

"மழ வர்ற மாதிரி இருக்குது."

வீரமணியின் டீ பாதியில் நின்றது. "இவரு பேசலன்னா விஷயம் பெருசு. வித்துட்டாருடா."

பத்து மணிக்குள் முகம் மறந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாம் நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். தப்பிக்க ராஜாங்கம் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பல்வலி என்று சைகை காட்டினார்.

டீக்கடைக் கமலா உற்றுப் பார்த்தாள். "பல்வலியாவது ஒண்ணாவது. காச வாயில அதக்கிக்கினு இருந்து முழுங்கிட்டாரு."

ராஜாங்கம் பலமாகத் தலையாட்டி மறுத்ததில் விக்கல் வந்துவிட்டது.

"பாரு, தொண்டையில நிக்குது" என்றான் வீரமணி.

ஷேர் ஆட்டோவில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், காசு கீழே இறங்கட்டும் என்று அவருக்கு இரண்டு சீப்பு வாழைப்பழத்தை ஊட்டினார்கள். எக்ஸ்ரேயில் காசு தெரியவில்லை.

"வாழப்பழம் மறைக்குது" என்று இன்னும் இரண்டு சீப்பு வாங்கினான் வீரமணி.

நாற்பத்தேழாவது பழத்தோடு ராஜாங்கம் வீடு திரும்பியபோது, கல்வராயன் மலையே கீழே இறங்கி வந்தது போல வாசலில் கூட்டம். நடுவில், பெட்டியும் கையுமாக, ரயிலை விட்டுவிட்டு வந்த இளஞ்செழியன் வாத்தியார்.

"முழுங்கற அளவுக்கு ஒரு காசுன்னா, பாக்காம போக மனசு வரலங்க."

பொழுது சாய்ந்தது. கொளஞ்சியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். வாத்தியார் பூதக்கண்ணாடியில் பார்த்தார், எடை பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"அசல்ங்க. ஏழாம் கிளமெண்ட் போப்பாண்டவரு காலத்துக் காசு. படத்துல மட்டுந்தான் பாத்திருக்கேன்."

"பின்னாடி இன்னா சார் எழுதியிருக்குது?" வீரமணியேதான் கேட்டான்.

"லத்தீன். 'ஏன் சந்தேகப்பட்டாய்?'"

ராஜாங்கம் கன்னத்துத் துண்டை அவிழ்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். வீரமணிக்குக் காதுல வுழல."

வாத்தியார் ஏழு முறை சொன்னார். எட்டாவது முறைக்குள் வீரமணி மாலையோடு வந்து, ராஜாங்கத்தைத் தோளில் தூக்கித் தெருவையே சுற்றி வந்தான்.

"பாத்தியாடி, வாய அடக்கினதுல நானே ஊரக் கூட்டிட்டேன்" என்றார் ராஜாங்கம், மேலிருந்தபடி.

கொளஞ்சியம்மாள் மஞ்சள் துணியை மடித்தாள்.

கமலாதான் சிரித்தாள். "வாத்தியாருக்குப் போன் போட்டது நான்தாண்ணே. 'பத்து மணிக்கு மேல, அவரு காச முழுங்கிட்டாருன்னு சொல்லு'ன்னு அண்ணி நேத்தே மஞ்சத்துணி வாங்கிக்கினு வர்றப்ப சொல்லிட்டுப் போச்சு."