மரியாதையில் வெந்த எஞ்சின்

மரியாதை கூடிப்போனதால் ஒரு எஞ்சினைக் கொன்றவன் நான். யார் பிடித்து விசாரித்தாலும் இதைத்தான் சொல்வேன். குடித்துவிட்டு ஓட்டவில்லை, வேகமாக ஓட்டவில்லை, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டும் ஓட்டவில்லை. பின் இருக்கையில் ஒரு பெரிய மனிதர் இருந்தார், அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியாவில் பனி விழும் என்பதை நம்பாத சொந்தக்காரர்கள் எனக்கு இன்றும் இருக்கிறார்கள். (படம் அனுப்பினால், "இது கனடா, எங்களைப் பேய்க்காட்டாதை" என்று பதில் வரும்.) மெல்பேர்னிலிருந்து நாலரை மணி நேரம் கார் ஓடினால் அப்படி ஒரு மலை வரும். அங்கே ஒரு தங்குவிடுதியில் இரண்டு குளிர்காலம் வேலை செய்தேன். மலைக்கு மேலே கார் போகாது. விருந்தினர்கள் கீழே தரிப்பிடத்தில் காரை விட்டுவிட்டு நிற்பார்கள். அவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஸ்னோமொபைலில் ஏற்றிவருவது என் பொறுப்பு. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சில்லுக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிளைப் போல ஒரு இருக்கை. இதுதான் ஸ்னோமொபைல். நான் அதில் குந்தியிருந்து எடுத்த படங்கள் என் முகநூலில் நாற்பதுக்குக் குறையாது.

வேலைக்குச் சேர்ந்த அன்று விடுதியின் முதலாளி ஜூடி இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்த வண்டியின் எஞ்சினைக் குளிர்விப்பது பின்பட்டி கிளப்பி எறியும் தூள்பனிதான். இறுகிய பாதையில் ஊர்ந்துகொண்டு போனால் தூள் கிளம்பாது, எஞ்சின் வெந்துவிடும். ஆகவே கொஞ்சம் வேகமாக ஓடு, அடிக்கடி ஓரத்துப் பஞ்சுப் பனிக்குள் விட்டு எடு. இரண்டு, வழியில் நின்றுபோன வண்டியைக் கண்டால், நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்காமல் தாண்டிப் போகாதே. இரண்டுக்கும் பெரிதாகத் தலையாட்டினேன்.

இனி அந்தப் பெரிய மனிதர். பெயர் நடராஜா. தாரணியின் அப்பா. தாரணியும் நானும் கலியாணம் கட்டுவது என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா மனம்வைத்து ஓம் என்று சொல்லாமல் கட்டுவதில்லை என்பதும் அவள் எடுத்த முடிவுதான். அவர் ஓம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் படித்துவிட்டு விமானத்தில் வந்தவர். நான் அகதியாக வள்ளத்தில் வந்தவன். என் கையில் இருந்தது தற்காலிக விசா. கோடையில் டண்டினோங்கில் வெல்டிங், குளிர்காலத்தில் மலை. என் வேலை ஒவ்வொரு ஒக்டோபரும் உருகிப் போய்விடுகிறது என்று அவர் தாரணியிடம் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, மெல்பேர்னில் உள்ள கட்டடங்களின் லிஃப்ட்டுகளைச் சோதித்து, இதில் ஆட்களை ஏற்றலாம் என்று கையெழுத்துப் போடும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர் என்மேல் கையெழுத்துப் போடவேண்டும்.

கடைசியில் தாரணிதான் அவரைக் கிளப்பி அனுப்பினாள். ஒரு நாள் போய் அவன் வேலை செய்யிற இடத்தைப் பாத்திட்டு வாங்கோ என்றாளாம். எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அப்பா வாறார். வடிவா நட." நான் வடிவாக நடந்தேன். எல்லாப் பிரச்சினையும் அதில்தான்.

அவரைத் தரிப்பிடத்தில் வரவேற்று, ஹெல்மெட் மாட்டிவிட்டு, முதலில் மேலேயுள்ள காட்சிமுனைக்குக் கூட்டிப்போய்விட்டு விடுதிக்குத் திரும்புவது என்று திட்டம். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். பட்டியைக் கையால் அழுத்தினார். இது நம்பக்கூடிய வண்டியோ என்று கேட்டார். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (அது உண்மை. அதுவரை.) ஏறி இருந்துகொண்டு, "என்னை யோசிக்காதையும் தம்பி, நீர் வழமையா ஓடுற மாதிரி ஓடும்" என்றார்.

எங்கள் பெரியவர்கள் என்னை யோசிக்காதே என்றால் என்னையே யோசி என்று பொருள். எனக்குத் தெரியாதா? நான் அவரைச் சுவாமி ஊர்வலத்தில் கொண்டுபோவது மாதிரிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் நிறுத்தி, ஓகேயா அங்கிள் என்று கேட்டேன். ஓம் ஓம் என்றார். ஸ்கி பழகும் சின்னப் பிள்ளைகள் ஒரு வரிசையாக வந்து எங்களை முந்திப் போனார்கள். அதில் ஒன்று கையும் காட்டியது. ஓரத்துப் பஞ்சுப் பனிக்குள் விட்டால் வண்டி குலுங்கும், அவர் பயப்படுவார் என்று ஐஸ்போல இறுகியிருந்த நடுப்பாதையை விட்டு அசையவில்லை.

இரண்டரைக் கிலோமீட்டர் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை என் கையுறையால் மறைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். இன்னும் கொஞ்சத் தூரத்தில் மூடியின் இடுக்குகளால் வெள்ளையாக ஏதோ வரத் தொடங்கியது.

"என்ன தம்பி, புகையுது?"

"புகார் அங்கிள், பனிமூட்டம். பின்னேரத்தில மலையில இப்பிடித்தான் மூடும்."

"புகார் வண்டிக்குள்ள இருந்தோ வாறது?"

அதற்கு நான் பதில் யோசித்து முடிக்குமுன் வண்டி ஒரு இருமல் இருமி நின்றது. மூடியைத் திறந்தால் குளிர்விக்கும் தண்ணீர் முழுவதும் கொதித்து வெளியேறியிருந்தது. விடுதியோடு பேசும் ரேடியோவை எடுக்க இடுப்பைத் தடவினேன். அது விடுதியில் சார்ஜரில் இருந்தது. தொலைபேசிக்கு அந்த வளைவில் சிக்னல் கிடையாது. திரும்பி நடக்கலாம் என்றால் அங்கிளுக்கு முழங்கால் சரியில்லை. நான் கவலைப்படவில்லை. எப்படியும் யாராவது வருவார்கள், வந்தால் கேட்டே ஆகவேண்டும்.

வந்தார்கள், கேட்டார்கள். முதலாவது, பக்கத்து விடுதிக்காரர். ஸ்னோமொபைலில் எரிவாயுச் சிலிண்டர்கள் ஏற்றிக்கொண்டு வந்த தாடிக்கார மனிதர். பக்கத்தில் நிறுத்தி, "யூ ரைட், மேட்?" என்றார். நான் பெருவிரலை உயர்த்தி, "ஓல் குட்!" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் என்னை மடையன் என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம், இப்பத்தான் குடித்துவிட்டு வந்தோம் என்று சொல்லவேண்டும். அதை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைப்பார்கள். முதல் தரமே ஓம் என்பவன் சாப்பாட்டுக்கு அலைஞ்சவன் என்று பெயர் வாங்குவான். இருபத்தைந்து வருடம் அப்படி வளர்ந்த வாய் என்னுடையது. பக்கத்தில் வருங்கால மாமனார் வேறு நிற்கிறார். தாடிக்காரர் இன்னொரு தரம் கேட்பார், நான் கொஞ்சம் இழுத்துவிட்டுச் சம்மதிப்பேன் என்றுதான் இருந்தேன். நிறுத்திக் கேட்கவேண்டும் என்பது மலையின் சட்டம். இரண்டாம் தரமும் கேட்கவேண்டும் என்று அங்கே யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஏன் அந்த மனிதனை அனுப்பினீர் என்று அங்கிள் கேட்டார். அவருக்கு ஏன் எங்களால் கரைச்சல் என்றேன். அவர் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். அவர் குரலில் எனக்கு முதல் முறையாக ஒரு நல்ல மதிப்பெண் விழுந்த மாதிரி இருந்தது.

கால்மணி நேரம் கழித்து இரண்டாவது ஆள். சறுக்குப் பாதைகளைக் கண்காணிக்கும் குழுவைச் சேர்ந்த பெண், சிவப்பு ஜாக்கெட். என்னை விட்டுவிட்டு நேராக அங்கிளிடம் போய், என் வண்டியில் இடம் இருக்கிறது, உங்களைக் கொண்டுபோய் விடவா, குளிருமே என்று கேட்டார். நான் மனதுக்குள் பிள்ளையாரை நினைத்தேன். அங்கிள் நிமிர்ந்து நின்று, "நோ, நோ. வீ ஆர் என்ஜோயிங் த வியூ" என்றார்.

வியூ என்று அங்கே மூன்று மரம் இருந்தது. மற்றதெல்லாம் உண்மையான புகார். அந்தப் பெண் மூன்று மரத்தையும் பார்த்தார். நல்லது, ரசியுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்பார் என்று அங்கிள் எதிர்பார்த்தது எனக்கு அவருடைய கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. வளைவு மறையும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், நல்ல பிள்ளை அவள் என்றார்.

அதன் பிறகு ஒரு முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை. குளிர் சப்பாத்துக்குள் இறங்கியது. அங்கிள் தன் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அன்ரி, தாரணியின் அம்மா, கட்டிக் கொடுத்த மட்டன் ரோல்ஸ், நாலு. சாப்பிடுறீரோ என்று என்னிடம் நீட்டினார். இல்லை அங்கிள், பசிக்கேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ என்றேன். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு முதல் ரோலைக் கடித்தார். நாலையும் என் கண்முன்னால் வடிவாகச் சாப்பிட்டு முடித்தார். இந்த நாட்டு வழக்கத்துக்கு மாறிவிட்டார் போலிருக்கிறது.

பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தபிறகு, "தம்பி, உண்மையைச் சொல்லும். இந்த வண்டிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

வண்டி பழசு என்று சொல்லலாம். கம்பனி சரியில்லை என்று சொல்லலாம். ஜூடி சரியாகப் பராமரிப்பதில்லை என்றுகூட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எனக்குக் குளிர், பசி, வெட்கம் மூன்றும் சேர்ந்துவிட்டது. வண்டியில் ஒரு பிழையும் இல்லை, என் பிழைதான், மெதுவாக ஓட்டியதால் எஞ்சின் வெந்துவிட்டது, சிவப்பு விளக்கையும் கையால் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன் மெதுவா ஓடினீர்?"

"நீங்கள் பின்னால இருந்தபடியால் அங்கிள்."

அவர் வண்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, "நீர் வேகமா ஓடுவீர் எண்டு நான் ஆசைப்பட்டு வந்தனான். ஓய்வெடுத்ததுக்குப் பிறகு என்னை ஒருத்தரும் வேகமா ஓரிடமும் கூட்டிக்கொண்டு போறேல்லை" என்றார். அதைச் சொன்னதும் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. தொடர்ந்து, நான் கேட்காமலே, மனதில் இருந்ததையும் சொன்னார். என்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம். பயம்தானாம். உம்மை நாளைக்கு இந்த நாட்டில் வைத்திருப்பார்களோ இல்லையோ என்பது உமக்கே தெரியாது, அவளுக்கு நான் என்ன சொல்வது என்றார். எனக்குச் சுருக்கென்றது. தெரியாதுதான். அதை அப்படியே ஒத்துக்கொண்டேன்.

அப்போது பாதையைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் வளைவில் தலைகாட்டியது. லொறி அளவு இருக்கும். அதன் சாரதி கண்ணாடியை இறக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அதற்குள் நடராஜா அங்கிள் நடுப்பாதைக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் உயர்த்தி, "யெஸ்! யெஸ் ப்ளீஸ்!" என்று கத்தினார். முழங்கால் சரியில்லாத மனிதர் ஓடியதை அன்றுதான் கண்டேன். சாரதி மிரண்டுபோய், கேட்கவேண்டியதை மறந்து, பேசாமல் இறங்கிக் கயிறு கட்டினார். அங்கிள் ஹீட்டர் போட்ட சாரதி அறைக்குள் ஏறிக்கொண்டார். நான் செத்த வண்டியில் இருந்து கைபிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டு வந்தேன். எதிரே வந்த தாடிக்காரர் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்.

விடுதியில் ஜூடி வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். (சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் மறுநாள் ஒரு அறிவிப்பு இருந்தது: மரியாதையானவர்கள் இந்த வண்டியை எடுக்கவேண்டாம்.) நானும் அங்கிளும் கணப்படுப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தோம். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். முப்பது வருடம் லிஃப்ட் பார்த்தாராம். பழுதான லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவனும் இன்னொருவனைத்தான் கைகாட்டினானாம். என்ர பிழை என்று சொன்னவனை அன்றைக்குத்தான் கண்டாராம்.

பிறகு என் பக்கம் திரும்பி, "விசாவை வாற நேரத்தில பாப்பம். என்ர மகளை உமக்குக் கட்டித் தாறன். சம்மதமோ?" என்றார்.

ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. என் வாய் என்னைக் கேளாமலே திறந்தது. "ஐயோ, வேண்டாம் அங்கிள். உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றது.

சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட வழி தெரியாமல் நான் விறைத்துப்போய் இருந்தேன். தாரணிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைக்க, கண் கலங்கிவிட்டது. அவர் ரோலைக் கடித்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மனிதர் சரி என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் படுத்துவிடுவார். நாளை காலை மெல்பேர்னுக்குக் காரை எடுப்பார். அவ்வளவுதான்.

அவர் எழும்பவில்லை. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"தம்பி, இன்னொருக்காக் கேக்கிறன். கட்டுறீரோ?"

"ஓம் மாமா" என்றேன்.

மெல்பேர்னில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் கலியாணம் நடந்தது. ஐயர் தாலியை என் கையில் தந்தபோது, வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதை என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, மேளகாரர்வரை சிரித்தார்கள். இந்தக் கதை எங்கள் சொந்தத்தில் தெரியாதவர்கள் இல்லை. சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் தாரணியின் சித்தி வீட்டுக்குப் போனாலும், என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டு, நான் ஓம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்றால் அந்தத் தட்டு அப்படியே என்னைத் தாண்டிப் போய்விடும். தாரணியும் ஒருதரம்தான் கேட்பாள். பிள்ளைகள் அதுவும் கேட்பதில்லை. மாமா மட்டும் இரண்டாம் தரமும் கேட்பார்.