ஒருவர் மட்டும் போகும் பயணம்

அன்பர்களே, மனிதராய்ப் பிறந்தவர் ஆயுளில் ஒருமுறையேனும் தனியாகப் பயணம் போக வேண்டும். ஒக்காயாமா நகரப் பள்ளியொன்றில் நெடுங்காலம் ஒழுக்கநெறி போதித்து ஓய்வுபெற்ற நான், இந்த வசந்தத்தில் அப்படியொரு தீர்மானத்துக்கு வந்தேன். வடக்கே மலைகளுக்குள் செல்லும் ஒற்றைப் பெட்டி ரயில், அது இறக்கிவிடும் இடத்திலிருந்து சைக்கிள், ஆளரவமற்ற ஊர்கள், நான். அவ்வளவுதான்.

குப்பை போடும் இடத்தில், பக்கத்து வீட்டு நெமொத்தோவிடம் இதை முதலில் அறிவித்தேன். வீட்டில் அறிவிக்க மேலும் ஒரு வாரத் துணிச்சல் தேவைப்பட்டது.

"நானும் வரட்டுமாங்க?" என்றாள் என் மனைவி மிசாவோ, முள்ளங்கி நறுக்கியபடியே.

"ரெண்டு பேர் போனா அது சுற்றுலா. ஒருத்தர் போனாத்தான் தவம்."

"அப்போ இன்னொருத்தர் வீட்ல இருக்கணும்?"

"பின்னே? பூனைக்கு யார் சோறு வைக்கிறது?"

"சரிங்க. ஒருத்தர் போவோம், ஒருத்தர் இருப்போம்."

நான் அதிர்ந்தேன். மணமான நாள் முதலாக அவள் எதற்கும் ஒரே பேச்சில் சரி சொன்னதில்லை. போதனை நாற்பது வருடம் தாமதமாகவேனும் பலித்ததென்று மகிழ்ந்தேன்.

அடுத்த அதிர்ச்சி சைக்கிளில் வந்தது. ஏறி மிதித்தால் முழங்கால் மார்பில் இடித்தது. இருக்கையை உயர்த்தினேன். சில நாளில் மறுபடியும் இடித்தது. ஓய்வுபெற்றுக் கவலை நீங்கியதில் நான் வளரத் தொடங்கிவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்ற முடியாது. சக்கரம் கழற்றி, பைக்குள் முழுவதும் மூட வேண்டும். கைப்பிடி நுனிகூட வெளியே தெரியலாகாது. இறங்கும்வரை அவிழ்க்கவும் கூடாது.

"நீங்க குளிச்சிட்டு வாங்க. நானே கழற்றிக் கட்டி வைக்கிறேன்."

"உனக்கு நட்டு கழற்றத் தெரியுமா?"

"கழண்ட நட்டோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு, கழற்றத் தெரியாதா?"

வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பினாள். பை எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. துறவு மனம் வாய்த்தவனுக்குச் சுமை குறையும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரயிலில் எதிரே ஓர் அம்மாள்.

"உள்ளே சைக்கிளா?"

"ஆமாம்மா. தனிமை தேடிப் போறேன்."

"வீட்டம்மா விட்டாங்களா?"

"சந்தோஷமா விட்டாள்."

"சந்தோஷமாவா!" அவர் கையிலிருந்த சோற்றுருண்டை மடியில் விழுந்தது. "எதுக்கும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க."

நான் சிரித்தேன். பைக்குள் வட்டமாய்த் தட்டுப்பட்ட சக்கரத்தை வாஞ்சையோடு தடவியபடியே, தனிமையின் பெருமையை அவர் இறங்கும்வரை எடுத்துரைத்தேன்.

மலையடிவாரத்தில் ஆளில்லாத நிலையம். இறங்கினேன். ரயில் போயிற்று. குயில் கூவிற்று. பையை அவிழ்த்தேன்.

உள்ளே துணி தேய்க்கும் பலகை. துணி உலர்த்தும் சட்டம். வழியெல்லாம் நான் தடவி வந்த சக்கரம், எங்கள் பழைய மின்விசிறி.

"மிசாவோ! சைக்கிள் எங்கே?" தொலைபேசியில் அலறினேன்.

"பக்கத்துலதாங்க நிக்குது. தெக்க தீவுக்குப் போற படகுல இருக்கோம். காத்து என்னமா அடிக்குது தெரியுமா!"

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"நீங்க மத்தியானம் தூங்குறப்பல்லாம் பழகிட்டேன். இருக்கையைத்தான் அடிக்கடி இறக்க வேண்டியிருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்களும் வரேன்னு நிப்பீங்க. ரெண்டு பேர் போனா தவம் கெட்டுடுமே?"

"அப்போ நான்?"

"ஒருத்தர் வீட்ல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் பூனை கத்தும். அடுத்த ரயிலைப் பிடிங்க. விசிறியைக் கீழே போட்டுடாதீங்க."

அன்பர்களே, உங்கள் பையை நீங்களே கட்டுங்கள். பிறர் கட்டிய பையைச் சுமந்துகொண்டு ஞானம் தேடப் புறப்படாதீர்கள். வீட்டில் உபதேசிக்கும்போது, கேட்பவரும் அதைக் கடைப்பிடிக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

அந்தி சாயும் வேளையில் பையோடு தெருவுக்குள் நுழைந்தேன். நெமொத்தோ ஓடி வந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே சார்! தனிப்பயணம் எப்படி இருந்துச்சு?"

"தெரியலைங்க," என்றேன். "போனவ வந்துதான் சொல்லணும்."