ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்ட கதி

அரியலூர்,
மாசி மாதம், 1983.

மதிப்புக்குரிய மச்சான் கொளஞ்சி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் மாயவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்சவள்ளியும் பிள்ளைகளும் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் சுகம். விக்கிரமங்கலத்தில் தாங்கள் அதற்குப் பிறகும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிமெண்ட் பாக்டரியில் எனக்கு வேலை நிரந்தரமானதும், "மாப்ள, இனிமே நீ நடுத்தரக் குடும்பம். வூட்டுல ரெண்டு நாற்காலியாவது கெடக்கணும்" என்று சொன்னது தாங்கள்தான். வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்து நின்றது யார் தெரியுமா? எங்க அப்பன் காலத்திலிருந்து நாங்கள் கூலிக்குப் போன பண்ணையார் முத்துசாமி. பதறி எழுந்து, "உக்காருங்க" என்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தார். தான் உட்கார்ந்தால் பக்கத்தில் என்னையும் உட்காரச் சொல்ல வேண்டிவருமே என்று அவருக்கு யோசனை. சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு யோசனை. அவரும் நிக்கிறாரு, நானும் நிக்கிறேன். அம்சவள்ளி காப்பி கொண்டாந்தா, அதையும் நின்னுக்கிட்டே குடிச்சோம். கடைசியில ஒரு நாற்காலியில பூனை ஏறிப் படுத்துக்கிச்சு.

"கெணறு வத்திப்போச்சு மாயவா. சின்னவனுக்கு ஒங்க பாக்டரியில ஒரு வேலைக்கு, போர்மேன்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லேன்"னாரு. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. பதில் கேக்க ஞாயித்துக்கிழமை திரும்ப வராராம். ஏழையும் பணக்காரனும் நடுவுல வந்து சேரணும்னு ரேடியோவுல தெனம் பேசுறாங்க. சேந்தா யாரு எங்க உக்காருறதுன்னு ஒருத்தரும் சொல்லலியே மச்சான். உக்காந்தா, வேல கெடச்ச திமிருன்னு ஊரு பேசும். நின்னதுக்கு எம் பொண்ணு மலர்க்கொடி, "நம்ம வூட்டுல நீ எதுக்குப்பா நின்ன?"ன்னு கேட்டவதான், அதோட எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. அதுதான் சோறு எறங்க மாட்டேங்குது. நாற்காலிய ஒங்க வூட்டுக்கே பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடட்டுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் போடுங்க.

பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி. கன்று போட்ட மாடு எப்படி இருக்கிறது என்றும் எழுதவும்.

இப்படிக்கு,
நின்று நின்று கால் கடுத்த
மாயவன்

பி.கு.: பதில் போட வேண்டாம். இத நாற்காலியில உக்காந்துதான் எழுதிக்கிட்டு இருந்தேன். பின்னால ஆள் வர்ற சத்தம். ஒங்க தங்கச்சிதான்னு நெனச்சு, திரும்பாமலே, "உக்காரு, முடிச்சிடுறேன்"னுட்டேன். பக்கத்து நாற்காலி கிரீச்சுன்னுது. "எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்ல"ன்னாரு பண்ணையார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவருக்கும் பொறுக்கல போல. இன்னும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. மலர்க்கொடி கதவோரம் நின்னு என்னையே பாக்குறா. நான் எந்திரிக்கல மச்சான்.