மேற்படி வக்கீலும் தமிழ் கேட்காத ஆடுகளும்

இந்தியாவில் இதுவரை கறுப்புக் கோட்டு போட்டவர்களில், கொசுவைச் சான்றுப் பொருளாகக் கோர்ட்டில் தாக்கல் செய்தவர் எங்கள் மேற்படி வக்கீல் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்து சொல்வேன். அடுத்தவர்களைச் சத்தியம் செய்ய வைத்தே பிழைத்தவன் நான். திருவண்ணாமலையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல். அவர் எதிர்த்தரப்பு. தொண்ணூறுகள் முழுக்க என் தலைமுடி கொட்டியதற்கு அவரே காரணம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பார் அசோசியேஷன் பலகையில் மட்டும் இருந்தது; எங்களுக்கு அவர் மேற்படிதான். மனிதர் பேசுவதெல்லாம் பத்திரத் தமிழ். ஓட்டலில் உட்கார்ந்தால், "மேற்படி இட்லிக்கு மேற்படி சட்னி இன்னும் கொஞ்சம்" என்பார். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தால், "மேற்படியாள் ஊர்ல இல்ல சார்" என்று சந்தோஷமாகச் சொல்வார். அவருடைய கோட்டு வெயிலில் வெளுத்துக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கட்சிக்காரர்களும் அதற்குப் பொருத்தமானவர்கள். பார்க்க ஆள் வராத ரிமாண்டு கைதிகள், கிரிவலப் பாதையில் திரிந்ததற்காகப் பிடிபட்டவர்கள், ஆசிரமத்துப் பக்கம் வந்து பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு முழிக்கும் வெள்ளைக்காரர்கள்.

கொசுவுக்கு வருகிறேன். ஒரு கிளைச் சிறையில் கொசுத்தொல்லை, கைதிகளுக்கு வலை வேண்டும் என்று மனுப் போட்டார். எந்த ஊர்ச் சிறை என்று கேட்காதீர்கள். மனுவோடு மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் பாட்டில் ஒன்று வந்தது. உள்ளே கொசுக்கள். இவை சிறைக் கொசுக்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நான் எழுந்து ஆட்சேபித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அது நல்ல ஆட்சேபணை. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பெஞ்ச் கிளார்க் ஆர்வம் தாங்காமல் மூடியைத் திறந்துவிட்டார். மிச்ச விசாரணை முழுவதும் ஆளாளுக்குக் கைகளைத் தட்டிக்கொண்டேதான் நடந்தது. வெளியே நின்றவர்கள், உள்ளே என் வாதத்துக்குத்தான் அத்தனை கைதட்டல் என்று நினைத்து என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் வலைக்கு உத்தரவாகிவிட்டது.

இன்னொரு தடவை, பௌர்ணமியன்று கோயில் வாசலில் ஒரு பக்தரின் செருப்பைத் திருடியதாக ஓர் ஆள் மாட்டிக்கொண்டான். இருட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டேன் என்றான், நம்ப ஆளில்லை. ஒரு ஜோடிச் செருப்புக்காகச் சிறையில் கிடந்தான். மேற்படி என்ன செய்தார் தெரியுமா? அன்று கோர்ட்டுக்கு வந்த எல்லாரையும், என்னையும் சேர்த்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றவைத்துக் குவியலாக்கிவிட்டார். வழக்குச் செருப்பும் அந்தக் குவியலில்தான் இருந்தது. பக்தரை அழைத்து, உங்களுடையதை எடுங்கள் என்றார். பக்தர் கொஞ்சமும் தயங்காமல் ஒரு ஜோடியை எடுத்து, "இதேதாங்க, என் கால் பட்ட தடம்கூட இருக்குது" என்றார். அது என் செருப்பு. அந்த ஆள் விடுதலையாகிப் போனான். குழப்பத்தில் பக்தர் என் செருப்போடு போய்விட்டார். நான் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

இதெல்லாம் பாலு கேஸுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பாலு யூகோஸ்லாவியாக்காரர். பெயர் பாவ்லே. அடி அண்ணாமலை கிராமத்து ஜனங்கள் அதைப் பாலு ஆக்கிவிட்டார்கள். சாமி பார்க்க வந்தவர், அங்கேயே ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆடு வளர்க்க ஆரம்பித்தார். அவர் இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அங்கே அவருடைய நாடு உடைந்து துண்டு துண்டாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எங்கே எழுதினாலும், நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்றே பதில் வந்தது. மனிதர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நாட்டைக் காணோம், புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டாராம் ஏட்டு, பழக்க தோஷத்தில்.

"நான் வரும்போது இருந்துச்சுங்க."

அப்புறம் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். விசா முடிந்து எத்தனையோ காலமாகியிருந்தது. புகார் கொடுக்க வந்தவரையே உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஜாமீன் மனு வந்தது. சொந்தபந்தம் இல்லாதவர், வெளியே விட்டால் ஓடிவிடுவார் என்று நான் எதிர்த்தேன். மேற்படி ஒரு பள்ளிக்கூடத்து உலக வரைபடத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, அவர் ஓடிப்போகக்கூடிய ஊரைக் காட்டும்படி இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டரின் விரல் ஐரோப்பாவில் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுக் கடைசியில் கடலில் போய் நின்றது. மாஜிஸ்திரேட் அம்மா கண்டிப்பானவர். போக ஊர் இல்லாதவர் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். எனக்கு வெற்றி.

அன்று மேற்படி கோர்ட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சில் முதல் தடவையாக மேற்படியைக் காணோம்.

"அந்தாளு ஊர்ல ரெண்டு பக்கமும் சுட்டுக்கினு இருக்காங்க சார். இங்கேர்ந்து அனுப்பினா யார் கையில குடுப்பாங்க? யாருன்னு கேட்டா இவரு என்ன சொல்லுவாரு?"

ஜெயித்த அன்றைக்கு வழக்கமாகச் சாப்பிடும் ஸ்பெஷல் தோசையை நான் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் புது மனு. பாலுவின் ஆடுகள் யாரையும் கறக்க விடவில்லை, மடி கட்டிக்கொண்டு அவதிப்படுகின்றன, ஆகவே கறப்பதற்காக அவரைத் தற்காலிகமாக விட வேண்டும். அதோடு ஆடுகளையே ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டுவந்து கோர்ட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டார். அவை போட்ட கூச்சலில் எந்த வழக்கும் நடக்கவில்லை. ஆடுகள் இந்த வழக்கில் மனுதாரர்கள் அல்ல என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "இருக்கலாம், ஆனா உங்கள விடத் தெளிவா பேசுதுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

பாலுவின் பக்கத்து வீட்டு சரோஜா கூண்டில் ஏறினாள். "அதுங்களுக்குத் தமிழ் தெரியாதுங்கம்மா. நில்லுன்னா போவுது. வான்னா ஒதைக்குது. அவரு அவங்க ஊரு பாஷையில சொன்னாத்தான் கேக்கும்."

மேற்படி எழுந்தார். "அம்மா, மேற்படி பாஷை பேசற தேசமே உடைஞ்சு போச்சு. இந்தத் தாலுகாவுல அது புரியறது மேற்படி ஆடுங்களுக்கு மட்டும்தான். அதுங்களுக்கும் இவரு ஒருத்தர்தான்."

மாஜிஸ்திரேட் பாலுவைப் பார்த்து, பேசுங்கள் என்றார். பாலு ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். வெளியே கூச்சல் சட்டென்று அடங்கியது. கோர்ட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியைக் கலைக்க எனக்கே மனசு வரவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் காவலோடு போய்க் கறந்துவிட்டு, சரோஜாவுக்கும் அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆறு மணிக்குள் சிறைக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவானது.

போனார்கள். சரோஜா கான்ஸ்டபிள்களுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து வயிறு முட்டப் போட்டாள். புளியமரத்தடியில் இருவரும் அயர்ந்துவிட்டார்கள். பாலு கறந்தார், பாடம் நடத்தினார், மணியைப் பார்த்தார். எழுப்பினார், அவர்கள் புரண்டு படுத்தார்கள். நேரமாகிறதே என்ற பதற்றத்தில் அவர் தனியாகவே பஸ் பிடித்துச் சிறைக்கு வந்து கதவைத் தட்டினார்.

வார்டர் திறக்கவில்லை. "எஸ்கார்ட் இல்லாம உள்ள விட முடியாதுங்க. ரூல்ஸ்."

"ஆறு மணிக்குள்ள வரச் சொன்னாங்க. வந்துட்டேன். கதவத் தொறங்க."

உள்ளே விடச் சொல்லி ஒரு கைதி சிறைக் கதவைத் தட்டுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கான்ஸ்டபிள்கள் அங்கே வைக்கோல் போரையெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு, வேலை போயிற்று என்று அழாத குறையாக ஓடிவந்தபோது, இவர் பால் தூக்கோடு படியில் உட்கார்ந்திருந்தார். "எங்க போய்ட்டீங்க? நான் பயந்துட்டேன்" என்று அவர்களைக் கடிந்துகொண்டாராம்.

மறுநாள் மேற்படி தாக்கல் செய்த புது ஜாமீன் மனு, என் கட்சிக்காரரைச் சிறைக்குள் விட மறுத்தார்கள் என்று ஆரம்பித்தது. மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடிப் போயிடுவார்னு சொன்னீங்களே. இப்ப என்ன சொல்றீங்க?"

நான் எழுந்தேன். கையில் ஆட்சேபணை எழுதி வைத்திருந்தேன்; நன்றாகவே எழுதியிருந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆட்சேபணை இல்லைங்கம்மா" என்றேன். மேற்படி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஏமாற்றம் போல ஒன்று இருந்தது. இன்னும் ஏதோ கைவசம் வைத்திருந்திருக்கிறார். அது என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பு யார் யோசனை என்று கேட்டபோதும், "உபசரிப்பு எந்தச் சட்டத்துல குத்தம் சார்?" என்று மட்டும் கேட்டார்.

சரோஜாவும் அவள் புருஷனும் ஜாமீன் நின்றார்கள். பாலு வெளியே வந்தார். வழக்கு அபராதத்தோடு முடிந்தது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தங்குவதற்கான அனுமதியையும் மேற்படியே வாங்கிக் கொடுத்தார். சில வருஷம் கழித்து, உடைந்த துண்டுகளில் ஒன்று பாலுவுக்குப் பாஸ்போர்ட் அனுப்பியது. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக விழவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் மேற்படி காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர். புத்தகம் பார்த்துப் பேசுவார், வெறும் காகிதத்தோடு வருவார். நான் முன்பைவிட அதிகம் ஜெயித்தேன். ஆனாலும் ரிட்டயர் ஆகும் வரை, கோர்ட்டு வாசலில் ஏதாவது டெம்போ நின்றால், என்னை அறியாமல் நடையை வேகப்படுத்திப் போய் உள்ளே எட்டிப் பார்ப்பேன். செங்கல் இருக்கும், சிமென்ட் மூட்டை இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் போவேன்.