ஆற்றோரமாய் ஒரு நாலுவழிச் சாலை

தட்டில் புட்டு இருந்தது. கடலைக்கறியைக் காணோம். நெடுஞ்சாலை இன்ஜினியர் தாமோதரன் நிமிர்ந்து பார்த்தார்.

"கறி?"

"ஆத்தங்கரைக் கண்டல் காட்டை வெட்டி நாலுவழி ரோடு போடுறவருக்கு இந்த வீட்டுல கறி கிடையாது," என்றாள் மனைவி பிரசன்னா. கோழிக்கோட்டின் ஆற்றுப் பாதுகாப்புச் சமிதி அவளை முந்தின நாள்தான் தலைவியாக்கியிருந்தது.

"மேலிடத்து உத்தரவு, பிரசன்னா!"

"அப்ப மேலிடத்துலயே போய்ச் சாப்பிடுங்க சேட்டா."

வெறும் புட்டு தொண்டையை அடைக்க, தாமோதரன் அலுவலகம் போய் வரைபடத்தை விரித்தார். சாலையை ஆற்றைவிட்டு ஊர்ப்பக்கம் தள்ளினார். கண்டல் காடு பிழைத்தது. மத்தியானமே வாசகசாலைச் செயலாளர் குஞ்ஞம்பு கொடியோடு வந்துவிட்டார்.

"சாரே, உங்க ரோடு எங்க வாசகசாலை முன்வாசல்ல நுழைஞ்சு கேரம் போர்டு மேல ஏறிப் போகுதே!"

"வேற இடம் தருவோம்."

"தாங்க. அதுவரைக்கும் உங்க ஆபீஸ் வாசல்ல படுத்துக்கிறோம்."

படுத்தும்விட்டார்கள். தாமோதரன் ஒவ்வொருவராகத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. தாண்டும்போதே அந்த யோசனை உதித்தது. சாலையையும் இப்படித் தூக்கிவிட்டால்? மேம்பாலம்!

மறுநாள் மீன்சந்தை ஜானு கூடையோடு வந்தாள்.

"மேல பறக்கிற கார்க்காரன் மத்தி வாங்கக் கீழ குதிப்பானா? இல்ல, நான் கீழேயிருந்து வீசணுமா? வீசிக் காட்டட்டா?"

வேண்டாம் என்று சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் வீசியே காட்டினாள். குறி தப்பவில்லை.

வீட்டு வாசலிலேயே பிரசன்னா மூக்கைச் சுளித்தாள். "மீன் வாங்கினீங்களா?"

"வாங்கிக்கிட்டேன்."

"அது கிடக்கட்டும். மேம்பாலத்துத் தூணை எங்க நடப்போறீங்க? ஆத்துக்குள்ளயா?"

மறுநாள் புட்டும் நின்றுபோனது.

தாமோதரனுக்கு வெறியே பிடித்துவிட்டது. மேம்பாலத்தை இறக்கினார். நாலு வழியை மூன்றாக்கினார். கண்டல் வேர்கள் இடித்தன. இரண்டாக்கினார், வாசகசாலைத் திண்ணை இடித்தது. அங்கே ஒரு வளைவு போட்டார். வளைவு மீன்சந்தைக் கூரையைத் தொட்டது. எதிர்ப்பக்கம் இன்னொரு வளைவு போட்டார். நடைபாதையை எடுத்தார். நடுத்தடுப்பை எடுத்தார். கடைசியில் பொதுக்கூட்டத்தில் வரைபடத்தை மாட்டினார்.

குஞ்ஞம்பு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வாசகசாலை தப்பிச்சாச்சு! லால் சலாம் சாரே!"

"என் கூடை பக்கத்துலயே வண்டி நிக்குமே!" என்று ஜானு குலவையிட்டாள்.

பிரசன்னா மேடைக்கே ஓடிவந்தாள். "ஒரு செடிகூடப் போகல சேட்டா! இன்னிக்கு ராத்திரி வாழையிலையில சுட்ட கரிமீன் பொள்ளிச்சது!"

கைதட்டலில் பந்தல் ஆடியது. மேலதிகாரி போனிலேயே வாழ்த்தினார். அடிக்கல் நாட்ட மந்திரி தேதி கொடுத்துவிட்டாராம். ஆற்றையும் காப்பாற்றி, ஊரையும் காப்பாற்றி, தன் வயிற்றையும் காப்பாற்றிய தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வரைபடத்தைச் சுருட்டி ஜீப்பில் வைக்கச் சொல்லி டிரைவர் பவித்ரனிடம் கொடுத்தார்.

பவித்ரன் சுருட்டியதை விரித்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"சாரே, இது இப்ப நாம வந்த பழைய ரோடுதானே?"